அமெரிக்காக் கரடி, கனடாக் கரடி

குன்னூரில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஸ்டெபின் தோற்றுக்கொண்டே இருந்தான். விளையாட்டுத்தான், வீடே சேர்ந்து சிரிக்கிற விளையாட்டு. ஆனால் மூன்று வேளையும் தோற்கிறவனுக்கு எந்த விளையாட்டும் சீக்கிரம் கசந்துவிடும்.

ஜெயித்துக்கொண்டிருந்தவன் அவனுடைய சகலை ஜினோ. வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனசிங்குக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிரிஸில்லாவைக் கட்டியவன் ஸ்டெபின். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. இளையவள் ஜெஸிந்தாவைக் கட்டியவன் ஜினோ. கனடாவில், டொரான்டோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் என்ஜினியர். ஜினோவின் கைக்குழந்தைக்கு அம்மா ஊர் சர்ச்சிலேயே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்று இரண்டு குடும்பமும் ஒரே சமயத்தில் லீவு போட்டு வந்திருந்தன.

ஒரு வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் சேர்ந்து தங்கினாலே கொஞ்சம் புகையும். இவர்கள் ஆளுக்கொரு நாட்டையும் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். காலையில் இட்லி வைக்கும்போதே தொடங்கிவிடும்.

"எங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்குச் சல்லிக் காசு கட்ட வேண்டியதில்லீங்க மாமா" என்பான் ஜினோ, மாமனாரைப் பார்த்து.

"கட்ட வேண்டாம். டாக்டர் கூப்படறதுக்குள்ள நோவு தானாப் போயிரும். இல்லாட்டி ஆளு போயிருவாரு" என்பான் ஸ்டெபின்.

"உங்க ஊர்ல உடனே பாத்துருவாங்க. பில்லப் பாத்துப்போட்டு ஆளு போயிருவாரு."

தனசிங் சட்னியைத் தொட மறந்து சிரிப்பார். ஸ்டெபின் விடமாட்டான். "ஏனுங்க சகலை, கூடிய சீக்கிரம் நீங்க எங்களுக்கு அம்பத்தோராவது மாநிலம் ஆகப் போறீங்களாமே. அப்பறம் உங்க பாஸ்போர்ட்டக் கிழிச்சு வடை மடிச்சுக்கலாம்."

அங்கேதான் அவன் சறுக்கினான். ஜினோ காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான். "பாஸ்போர்ட்டப் பத்தி நீங்க பேசலாமுங்களா சகலை? எங்களுக்குப் போன சூட்டோட குடுத்துட்டாங்க. நீங்க கல்யாணத்துக்கு முன்னால இருந்து கிரீன் கார்டு வரிசையில நிக்கறீங்க. உங்க மொறை வர்றப்ப நம்ம கெஸியா பேரனுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்."

வீடு அதிர்ந்தது. பிரிஸில்லாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஸ்டெபினின் எட்டு வயது மகள் கெஸியாதான். அவள் அங்கேயே பிறந்தவள். அந்த மேஜையில் சட்டப்படி அமெரிக்கர் என்று ஒருத்தர் உண்டென்றால் அது அவள்தான். அவளும் கனடா கட்சிக்குப் போய்விட்டாள். சித்தப்பா பின்னாலேயே சுற்றினாள், சித்தப்பா சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். ஸ்டெபின் எதையாவது சொன்னால் உதட்டைக் குவித்து, "அப்பா சொன்னா சித்தப்பாகிட்ட ஒருக்காக் கேட்டுக்கோணும்" என்பாள். வந்த இடத்தில் பழகிய கொங்குப் பேச்சு அவள் வாயில் அழகாகத்தான் இருந்தது. அதனால் வீடு மறுபடியும் சிரித்தது.

ஸ்டெபினும் சிரித்தான். ஆனால் அது அவனுக்கு வலித்தது. சகலை கிண்டல் செய்தால் பதிலுக்குக் கிண்டல் செய்யலாம். மகள் செய்தால் என்ன செய்வது? ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரே ஒரு தடவை, யாரையும் கேட்காமல், அப்பா சொன்னதை அவள் அப்படியே நம்ப வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுப்பு மூட்டி, பெரிய வடச்சட்டியில் எண்ணெய் காயவைத்து, மாமியார் எல்சா கச்சாயம் சுட உட்கார்ந்தார். வெல்லப்பாகில் அரிசி மாவைப் பிசைந்து தட்டி எண்ணெயில் போடுகிற பலகாரம். ஒன்று போட்டு எடுப்பதற்குள் மாப்பிள்ளைகள் இருவரும் வந்து நின்றுவிட்டார்கள். யார் சுடுகிற கச்சாயம் வட்டமாக வருகிறது, அமெரிக்காவா கனடாவா என்று பந்தயம். தோற்றவர் வடச்சட்டியைக் கழுவ வேண்டும். நடுவர் கெஸியா.

எல்சாவுக்கு இதில் விருப்பம் இருந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராக நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. வேலை ஏவுவது அதைவிடக் கிடையாது. எது சொல்ல வேண்டுமென்றாலும் மகளைப் பார்த்துச் சொல்வார், அதுவும் ஒரே தடவை.

"பிரிஸி, மாப்பிள்ளைங்க சுடட்டும். ஆனா எண்ணெய்ச் சட்டிய மட்டும் வெளிய உட்ரக் கூடாது. சூடு ஆறுனதும் உள்ள எடுத்து வெச்சுரோணும். இல்லாட்டிக் கரடி வந்துரும்."

"கரடியா? எங்க ஊர்ல" என்று இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

எண்ணெய்ச் சட்டி அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று. நியூ ஜெர்சியில் கரடி வீட்டு வாசலுக்கே வரும் என்றான் ஸ்டெபின். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. கையிரண்டையும் மேலே தூக்கி, உடம்பைப் பெரிதாகக் காட்டி, தொண்டை கிழியக் கத்த வேண்டும். கரடி ஓடிவிடும்.

"அது கரடி இல்லீங்க சகலை, நாய்க்குட்டி" என்றான் ஜினோ. "எங்க மலையில இருக்கறதுதான் கரடி. அதுங்கிட்டப் போயிக் கத்துனா நம்ம கதை முடிஞ்சுது. கண்ணப் பாக்கக் கூடாது. மூச்சு உடாம பின்னாடியே மெதுவா நகரோணும். மேல வந்துருச்சுன்னா குப்புறப் படுத்து, பொடனியில கையக் கோத்துக்கிட்டுச் செத்த மாதரக் கெடக்கோணும்."

ரெண்டையும் செய்து காட்டு என்று இருவரும் கெஸியாவை நிறுத்தினார்கள். அவள் கையைத் தூக்கிக் கத்தினாள். பிறகு பின்னாலேயே நடந்து, தரையில் குப்புற விழுந்து, பிடரியில் கைகோத்துப் படுத்தாள். விழுந்து படுப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. நாலைந்து தடவை செத்துக் காட்டினாள்.

"எந்த ஊர்க் கரடி அம்முணி நெசம்?" என்றான் ஜினோ.

"கனடாக் கரடி" என்றாள் கெஸியா, மண்ணிலிருந்து முகத்தைத் தூக்காமலே.

கச்சாயத்திலும் அதே தீர்ப்புதான். ஸ்டெபின் சுட்டது கருகியது. ஜினோ போட்டது எண்ணெயில் பிரிந்து தூள்தூளாயிற்று. கருகினதைவிடத் தூள் மேல் என்று கெஸியா சொல்லிவிட்டாள். ஸ்டெபின் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொன்னான், மறுபந்தயம் கேட்டான். சட்டியைத் தொட மாட்டேன் என்றான். உங்க நாட்டில் தோற்றவர்கள் ஒத்துக்கொள்வதே இல்லையா என்று ஜினோ கேட்டான். தோற்றவர் கழுவ வேண்டிய சட்டியை ஜெயித்தவர் தொட்டால் ஜெயித்ததற்கே அர்த்தமில்லை என்று அவனும் கையைக் கட்டிக்கொண்டான்.

நாலு மணி வாக்கில் தனசிங்கும் எல்சாவும் பிரிஸில்லாவும் மறுநாள் ஏற்பாடுகளைப் பார்க்கச் சர்ச்சுக்கு ஜீப்பில் கிளம்பினார்கள். எல்சா ரோட்டுக்குப் படியேறும்போது ஒருமுறை திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தார். சட்டி அங்கேதான் இருந்தது. எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. மாப்பிள்ளைகளிடம் இரண்டாம் தடவை சொல்வது மரியாதையில்லை. அவர் சொல்லவில்லை, போய்விட்டார்.

ஜெஸிந்தா குழந்தையைத் தூங்கவைக்க முன்னறைக்குள் போனாள். சகலைகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மறுபந்தயத்துக்கு விதிமுறை பேசினார்கள். பேச்சு கச்சாயத்திலிருந்து குளிருக்குப் போயிற்று, குளிரிலிருந்து வரிக்குப் போயிற்று. வெளியே பஞ்சு போலப் பனி இறங்கி ஜன்னலை மூடியது. ஸ்டெபினுக்கு அன்று நாக்கு நன்றாக ஓடியது. முதல்முறையாக ஜினோவுக்குப் பதில் கிடைக்காத ஒரு கேள்வியை அவன் கேட்டுவிட்டான். இதைக் கெஸியா பார்க்க வேண்டுமே என்று திரும்பினான்.

கெஸியா கூடத்தில் இல்லை.

"கெஸியா" என்று கூப்பிட்டான். முன்னறையில் இருப்பாள் என்று எட்டிப் பார்த்தான். ஜெஸிந்தா கட்டிலில் கிடந்து உதட்டில் விரலை வைத்தாள். கெஸியா அங்கே இல்லை. சமையலறைக்குள் போனான். பின்கதவு திறந்து கிடந்தது.

கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியே பார்த்தபோது அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுப்பைத் தாண்டி, குழாயடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கெஸியா நின்றிருந்தாள். ஒரு கையில் தேங்காய் நார், இன்னொரு கையில் சோப்புக் கிண்ணம். இரண்டு பெரிய மனிதர்கள் அரை நாளாக அடித்துக்கொண்ட வேலையை முடித்துவைக்க அவளே கிளம்பி வந்திருக்கிறாள். என் பிள்ளை என்று ஸ்டெபின் நினைத்தான்.

அப்புறம்தான் அவள் அசையாமல் நிற்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது.

தேயிலைப் பாத்தி முடிகிற இடத்தில் பனி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நடந்தது. வேலியில் செடி விட்டுப்போன சந்து வழியாக, தன் வீட்டுக்கு வருகிற நிதானத்தோடு உள்ளே வந்தது. தோளில் சடை விழுந்து கிடந்தது, மூஞ்சி மட்டும் வெளிறியிருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை. நேராக அடுப்பிடம் வந்து வடச்சட்டிக்குள் தலையை விட்டது.

அடுப்புக்கு இந்தப் பக்கம் சமையலறைக் கதவு. அந்தப் பக்கம் கெஸியா. நடுவில் கரடி.

ஸ்டெபினுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கரடி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. பின்னால் வந்த ஜினோ அவன் தோள் வழியாகப் பார்த்தான். "கர்த்தரே" என்று மட்டும் மூச்சு விட்டான். கரடி நக்குகிற சத்தம் வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது.

கெஸியாவின் ஒரு கை பாதி உயர்ந்திருந்தது, அமெரிக்கா சொன்னபடி. முழங்கால் மடிந்திருந்தது, கனடா சொன்னபடி. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. அவள் கண் மட்டும் ஜன்னலைத் தேடி வந்தது. அப்பாவைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"அப்பா" என்றாள். மிகவும் மெதுவாக, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. "எது?"

எத்தனையோ நாளாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். மகள் அவனிடம் கேட்டுவிட்டாள், சித்தப்பாவை விட்டுவிட்டு அவனிடம். ஆனால் அவனுக்குப் பதில் தெரியாது. நியூ ஜெர்சியில் அவன் எந்தக் கரடியையும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் கேமராவில் பதிவானதை அனுப்பியிருந்தார், அதைப் பார்த்திருக்கிறான். கத்தினால் ஓடும் என்பது அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை பேசியிருக்கிறான். தன் வாயை நினைத்து அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"சித்தப்பா சொன்னது" என்றான்.

அதே நொடியில் பக்கத்தில் ஜினோ சொன்னான். "அப்பா சொன்னது."

கெஸியாவின் முகம் கோணியது. இத்தனை நாளும் ஒருவர் சொன்னதை ஒருவர் வெட்டினார்கள், சரி. விட்டுக்கொடுக்கும்போதும் ஒன்றாக நின்று வெட்டிக்கொண்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? கரடி சட்டிக்குள் தலையை வைத்தபடியே காதை அசைத்தது.

ஸ்டெபின் ஜினோவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். "சகலை, நெசமாச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

ஜினோ தலையாட்டினான். "இல்லீங்க. நான் கரடியே பாத்ததில்லீங்க. பார்க்குல போர்டு வெச்சிருந்தாங்க, அதப் படிச்சன்."

"போர்டு வெச்சிருந்தாங்கல்ல. அது போதும்." ஸ்டெபின் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தினான். குரல் நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "கண்ணு, சித்தப்பா சொன்னது. படுக்க வேண்டாம். பின்னாடி, மெதுவா. கொட்டாய்க்கு."

குழாயடிக்குப் பின்னால் விறகுக் கொட்டாய் இருந்தது. தகரக் கதவு. சிறு பிள்ளை நடைக்கு ஏழெட்டு அடி இருக்கலாம்.

கெஸியா நகரவில்லை. கண் ஜினோவின் பக்கம் போயிற்று. அப்பா சொன்னால் சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? காலையில் இதே பார்வை ஸ்டெபினின் நெஞ்சில் தைத்திருக்கும். இப்போது அவன் ஜினோவைப் பிடித்து முன்னால் தள்ளினான். சொல்லு, சொல்லு, அவள் உன்னை நம்புவாள் என்று அவன் உள்ளம் கெஞ்சியது.

"அப்பா சொன்னதச் செய் அம்முணி" என்றான் ஜினோ. "பின்னாடி."

அவள் ஒரு கால் பின்னால் வைத்தாள். இன்னொரு கால் வைத்தாள். பார்வையைத் தரையில் வைத்திருந்தாள், மத்தியானம் பழகினபடியே. ஸ்டெபின் அவளோடு சேர்ந்து மூச்சை விட்டு மூச்சை இழுத்தான். பாதி தூரம் வந்திருப்பாள். சோப்புக் கிண்ணம் கையிலிருந்து வழுக்கித் துவைக்கிற கல்லில் விழுந்தது.

கரடி தலையைத் தூக்கியது. அதன் மூக்கிலிருந்து எண்ணெய் சொட்டியது. அது பின்னங்காலில் எழுந்து நின்றது, கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். மூக்கைத் தூக்கிக் கெஸியா இருந்த பக்கம் காற்றை முகர்ந்தது.

அப்போது முன்னறையில் குழந்தை வீறிட்டது.

கரடி திரும்பிவிட்டது. அழுகை வந்த திசையில், திறந்து கிடந்த கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான்கு காலில் இறங்கி ஒரு அடி வைத்தது.

ஜினோ ஒரே எட்டில் கதவிடம் போய்விட்டான். அவன் கை தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் கதவு மூடிவிடும். உள்ளே அவன் பிள்ளை, அவன் மனைவி. நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கவுன் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கதவச் சாத்துங்க சகலை" என்றான் ஸ்டெபின். அதைச் சொல்ல அவனுக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று பிற்பாடு அவனுக்கே புரியவில்லை. "உள்ள கொழந்த இருக்குது. சாத்துங்க."

கதவை மூடினால் கரடிக்கு வீடு இல்லை. வெளியே கெஸியாதான் இருப்பாள்.

ஜினோ தாழ்ப்பாளை விட்டான். கதவை முழுவதும் தள்ளித் திறந்து நிலைப்படியில் போய் நின்றான். "கெஸியா இன்னும் உள்ள வரலீங்களே" என்றான், சாப்பாட்டுக்கு ஒரு ஆள் குறைகிற மாதிரிச் சாதாரணமாக.

ஸ்டெபின் பாய்ந்து அவன் பக்கத்தில் நின்றான். நிலைப்படி இரண்டு பேருக்குக் காணாது. தோளோடு தோள் நெருக்கி அடைத்துக்கொண்டார்கள். கை இரண்டையும் தூக்கி, நாலு கையும் நிலையில் இடிக்க, இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். என்ன கத்துவது என்று தெரியவில்லை. ஸ்டெபின் வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மனப்பாடம் செய்த ஜெபத்தை ஜினோ கூவினான். பின்னால் ஜெஸிந்தா ஓடிவந்து பார்த்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போடுவது கேட்டது. அந்த இடைவெளியில் தகரக் கதவு கிறீச்சிட்டு இழுபடுகிற சத்தமும் கேட்டது.

கரடி நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு இது ஒன்றும் பெரிதாகப் படவில்லை போலிருக்கிறது. ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. திரும்பிப் போய்ச் சட்டியில் மிச்சமிருந்ததை நக்க உட்கார்ந்தது. அது நக்குகிற வரைக்கும் இவர்கள் கத்தினார்கள். குரல் கம்மிப்போய்க் காற்று மட்டும் வந்தபோதும் கையை இறக்கவில்லை. சட்டியைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தையும் ஒருதடவை முகர்ந்துவிட்டு, அது வந்த சந்து வழியாகவே தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று. மேலே ரோட்டில் ஜீப் திரும்பும் சத்தம் அப்போதுதான் வந்தது.

ஸ்டெபின் கொட்டாய்க் கதவைப் பிய்த்துத் திறந்தான். விறகு அடுக்குக்குப் பின்னால் கெஸியா குப்புறப் படுத்து, பிடரியில் கைகோத்துக் கிடந்தாள். அந்த விரல்களைப் பிரிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சு கண்ணு."

அவள் அழவில்லை. அவன் மடியில் உட்கார்ந்து, முகத்திலிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நீங்க ஏன் சித்தப்பா சொன்னதச் சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாது கண்ணு. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"சித்தப்பா ஏன் நீங்க சொன்னதச் சொன்னாரு?"

"அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிருக்காரு."

"அப்ப யாருக்குமே தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் சொன்னதுதானே. "யாருக்குமே தெரியாது" என்றான்.

அப்போதுதான் கெஸியா அழ ஆரம்பித்தாள். கரடிக்கு அழாத பிள்ளை இதற்கு அழுதது. அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது. ஸ்டெபின் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவனும் அழுதான், மறைக்கவில்லை.

சர்ச்சுக்குப் போனவர்கள் படியிறங்கி வந்தார்கள். பிரிஸில்லா விஷயத்தைக் கேட்டு, அழுது ஓய்ந்த மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உள்ளறைச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். புருஷனை அவள் பார்க்கவே இல்லை. தனசிங் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலிச் சந்தைப் பார்க்கப் போனார். எல்சா பின்னால் போய் வடச்சட்டியை எடுத்துவந்தார். வாங்கிய அன்று இருந்ததுபோல அது பளபளத்தது. அதைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார். மாப்பிள்ளைகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாம்பலைப் போட்டு, சுத்தமான சட்டியைத் தேய் தேயென்று தேய்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய திட்டை ஸ்டெபின் வாழ்நாளில் வாங்கியதில்லை.

அவன் போய்ச் சட்டியின் ஒரு காதைப் பிடித்தான். மறு காதை ஜினோ பிடித்தான். எல்சா கையை எடுத்துக்கொண்டு விலகினார்.

இருவரும் கழுவினார்கள். பழக்கத்தில் ஜினோவின் வாய் திறந்தது. "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க சகலை."

"ஒண்ணுமில்லீங்க."

இனி இவன் தன்னைக் கிண்டல் செய்யமாட்டானோ என்று நினைத்தபோது ஸ்டெபினுக்குப் பயமாக இருந்தது. உள்ளறையிலிருந்து கெஸியா தூக்கத்தில் விசும்புகிற சத்தம் வந்தது. இரண்டு பேரும் கையை நிறுத்தி, அது அடங்குகிற வரைக்கும் கேட்டார்கள்.

ஸ்டெபின் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தான். தொண்டை கிழிந்து போயிருந்தது, பாதிக் குரல்தான் வந்தது.

"கிரீன் கார்டு வர்றப்ப, கெஸியா பேரன் கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகை உங்களுக்குத்தாங்க, சகலை" என்றான்.